விசிபிகேஜி ரிவ்யூ: ரெடிமேட் லைப்ரரி கலப்படத்துல மாட்டுன சி ப்ளஸ் ப்ளஸ் ஆளுங்களுக்கு

மொதல்லயே மார்க் போட்டுடுறேன், 5க்கு 4. அந்த ஒரு மார்க் எங்க போச்சுன்னு கீழ வரும். விசிபிகேஜின்னா மைக்ரோசாஃப்ட் 2016ல வெளிய விட்ட சி ப்ளஸ் ப்ளஸ் பேக்கேஜ் மேனேஜர், அதாவது ப்ராஜெக்டுக்கு வேணுங்கற லைப்ரரிய (வேற யாரோ எழுதி வெச்ச ரெடி கோடு) கொண்டு வந்து சேர்க்குற கருவி. ஓப்பன் சோர்ஸ், எம்ஐடி லைசென்ஸ், காசு கெடையாது, விண்டோஸ் லினக்ஸ் மேக் மூணுலயும் ஓடும், 2000 லைப்ரரிக்கு மேல உள்ள இருக்கு. இது வரைக்கும் எங்க தேடுனாலும் கெடைக்குற விஷயம்தான். நான் எழுத வந்தது வேற. யாரோ பில்ட் பண்ணி வெச்ச லைப்ரரிய ஒன்னு இங்கருந்து ஒன்னு அங்கருந்துன்னு எறக்கி, எல்லாத்தையும் ஒரே ப்ராஜெக்ட்ல சொருகி, அப்பறம் லிங்க்கர் (கோடையும் லைப்ரரியையும் ஒட்டி எக்ஸ்இ ஆக்குற கருவி) எரரை பார்த்து முழிச்சிக்கிட்டு இருக்கோமே, அந்த வியாதிக்கு இது மருந்தா இல்ல இன்னொரு தலைவலியா, அதான் கேள்வி.

நான் இருக்குறது மன்னார்குடி பக்கம். கெடைக்குற வேலைல பாதி ரைஸ் மில்லு, எடைமேடை, உரக்கடை பில்லிங், இந்த மாதிரிதான். நீடாமங்கலம் ரோட்டுல ஒரு ரைஸ் மில், அங்க எடைமேடைக்கு ஒரு சாஃப்ட்வேர் ஏற்கனவே ஓடிக்கிட்டு இருந்துச்சு, வேற ஒருத்தர் எழுதி குடுத்துட்டு வெளிநாட்டுக்கு போயிட்டாரு. லாரி மேடையில ஏறுனா இண்டிகேட்டர்லேர்ந்து சீரியல் போர்ட் வழியா எடை வரும், அதே நேரத்துல கேமரா லாரி முன்னாடி ஒரு போட்டோ எடுக்கும், நம்பர் ப்ளேட்டை படிக்கும், லோடு எடை காலி எடை கழிச்சு சீட்டு அடிக்கும். அவ்வளவுதான் மேட்டர். சீரியல் போர்ட்டுக்கு பூஸ்ட் ஆசியோ, போட்டோவுக்கு ஓபன்சிவி, ப்ளேட்டை படிக்க டெசராக்ட். தை அறுப்புக்கு முன்னாடி ரெண்டாவது கேமரா ஒன்னு சேர்த்து குடுங்கன்னு மில் மொதலாளி கேட்டாரு. சம்பா நெல்லு வர ஆரம்பிச்சா எடைமேடை வாசல்ல லாரி வரிசை கட்டி நிக்கும், அப்ப போயி கம்ப்யூட்டரை கழட்டி வெச்சிக்கிட்டு உக்காந்தா அடிக்க வந்துடுவாங்க.

சோர்ஸ் கோடு சுத்தமா இருந்துச்சு, குத்தம் சொல்ல முடியாது. பிரச்சனை பக்கத்துல இருந்த லைப்ரரி ஃபோல்டர்ல. ஓபன்சிவி அவங்களோட அதிகாரப்பூர்வ விண்டோஸ் பேக்கேஜ்லேர்ந்து எடுத்தது, டெசராக்ட் யாரோ ஒருத்தர் பில்ட் பண்ணி ஜிப் போட்டு வெச்சது, பூஸ்ட் வேற ஒரு பழைய விஷுவல் ஸ்டுடியோல (மைக்ரோசாஃப்ட்டோட ப்ரோக்ராம் எழுதுற சாஃப்ட்வேர், கம்பைலரும் கூடவே வரும்) பில்ட் ஆனது. ஏடிடி 43 நெல்லு விதையையும் சிஆர் 1009 விதையையும் ஒரே வயல்ல கலந்து தெளிச்சா என்ன ஆகும், ஒன்னு அறுப்புக்கு சாஞ்சு நிக்கும்போது இன்னொன்னு பால் கூட புடிக்காம நிக்கும், அந்த கதைதான். தனித்தனியா பார்த்தா எந்த விதையும் கெட்ட விதை இல்ல.

பழைய மெஷின்ல அது எப்படியோ ஓடிட்டு இருந்துச்சு. என் லேப்டாப்ல விஷுவல் ஸ்டுடியோ 2022. தெறந்து பில்ட் குடுத்த ஒடனே எரர் மழை.

இந்த எரரை எல்லாம் கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா விசிபிகேஜி எதுக்குன்னு இத பார்த்தாதான் புரியும், அது வேணாம்னு இருக்குறவங்களுக்கும் இந்த பகுதி மட்டும் உதவும்.

இருக்குறதுலயே நல்ல எரர் எல்என்கே 1112. மாட்யூல் மெஷின் டைப் எக்ஸ்86, டார்கெட் மெஷின் டைப் எக்ஸ்64, ரெண்டும் ஒத்துப்போகலன்னு நேரா மூஞ்சிக்கு முன்னாடி சொல்லிடும். டெசராக்ட் ஜிப் 32 பிட், ப்ராஜெக்ட் 64 பிட். ஒளிவு மறைவு இல்ல, 64 பிட்ல பில்ட் ஆன லைப்ரரிய போட்டா போயிடும். இதே தப்பு லிங்க் ஆகுற நேரத்துல மாட்டாம, ஓடுற நேரத்துல ஒரு 32 பிட் டிஎல்எல் (ஓடும்போது எக்ஸ்இ தேடி எடுத்துக்குற லைப்ரரி ஃபைல்) பாத்ல (விண்டோஸ் தேடுற ஃபோல்டர் வரிசை) முன்னாடி வந்து நின்னுச்சுன்னா அப்ப வரும் பாருங்க 0எக்ஸ்சி000007பி, அப்ளிகேஷன் ஸ்டார்ட் ஆகலன்னு ஒரு பொட்டி, எந்த டிஎல்எல்னு பேரு கூட சொல்லாது.

அடுத்தது எல்என்கே 2038. மிஸ்மேட்ச் டிடெக்டட், இட்டரேட்டர் டீபக் லெவல் 0 இருக்கு ஆனா 2 வேணும், கூடவே ரன்டைம் லைப்ரரி (எல்லா ப்ரோக்ராமுக்கும் அடியில இருக்குற மைக்ரோசாஃப்ட் லைப்ரரி) எம்டி டைனமிக் ரிலீஸ் இருக்கு ஆனா எம்டிடி டைனமிக் டீபக் வேணும். அதாவது ரிலீஸ் மோடுல (கடைசியா ஓட்ட குடுக்குறது) பில்ட் ஆன ஸ்டாட்டிக் லைப்ரரிய (எக்ஸ்இ உள்ளயே கலந்துடுறது) டீபக் பில்டுல (தப்பு தேடுறதுக்கு பண்றது) கொண்டு வந்து கோக்குறோம். இங்க ஒரு கூத்து. பூஸ்ட்டோட லைப்ரரி ஃபைல் பேர்லயே எல்லா விவரமும் இருக்கும், விசி141 போட்டிருந்தா விஷுவல் ஸ்டுடியோ 2017, விசி142ன்னா 2019, நடுவுல ஜிடி இருந்தா டீபக், அப்பறம் எக்ஸ்64, கடைசில வெர்ஷன் நம்பர். பூஸ்ட் ஹெட்டர் (லைப்ரரில என்ன இருக்குன்னு கம்பைலருக்கு சொல்ற ஃபைல்) என்ன பண்ணும்னா நம்ம கம்பைலரை பார்த்து இந்த பேருள்ள ஃபைல் வேணும்னு தானே கேக்கும், இல்லன்னா எல்என்கே 1104, ஃபைல தெறக்க முடியலன்னு நின்னுடும். நம்ம முன்னோர் அதுக்கு கண்டுபுடிச்ச வைத்தியம், ரிலீஸ் ஃபைலை ஒரு காப்பி எடுத்து பேர்ல ஜிடின்னு சேர்த்து ரீநேம் பண்ணி வெச்சிருந்தாரு! கேட்ட பேருல ஃபைல் இருக்கா, 1104 போயிடுச்சு, அதுக்கு பதிலா 2038 வந்து உக்காந்துச்சு. அதுக்கப்பறம் அவரு டீபக் பில்டே பண்ணாம ரிலீஸ்லயே காலத்த ஓட்டிருக்கணும், வேற வழியே இல்ல.

பேர மாத்தி ஏமாத்தலாம், உள்ள இருக்குறத மாத்த முடியாது. விஷுவல் ஸ்டுடியோ கூடவே டம்ப்பின்னு ஒரு சின்ன கருவி வருது, டெவலப்பர் கமாண்ட் ப்ராம்ப்ட் தெறந்து டம்ப்பின் ஸ்லாஷ் டைரக்டிவ்ஸ் போட்டு லைப்ரரி ஃபைல் பேரை குடுங்க, உள்ள ஃபெயில் இஃப் மிஸ்மேட்ச்னு ஆரம்பிக்குற வரிகள் வரும், அதுல இட்டரேட்டர் டீபக் லெவல் என்ன, ரன்டைம் லைப்ரரி எம்டியா எம்டிடியா, எல்லாம் அப்பட்டமா எழுதிருக்கும். ஸ்லாஷ் ஹெட்டர்ஸ் போட்டா 32 பிட்டா 64 பிட்டா தெரியும். ஸ்லாஷ் டிபெண்டென்ட்ஸ் போட்டு எக்ஸ்இ ஃபைலை குடுத்தா அது எந்தெந்த டிஎல்எல்லை தேடும்னு தெரியும், அதுல எம்எஸ்விசிபி140 வருதா இல்ல கடைசில டி சேர்ந்த எம்எஸ்விசிபி140டி வருதான்னு பாருங்க, டி இருந்தா அது டீபக். கூகுள்ல எரர் நம்பரை போட்டு தேடுறதுக்கு முன்னாடி இந்த மூணையும் ஓட்டி பாத்துட்டா பாதி வேலை முடிஞ்சுது.

இப்ப வரப்போறதுதான் எல்லாத்துக்கும் தாத்தா. எரரே வராது!

ஓபன்சிவி பேக்கேஜ்ல ரெண்டு லைப்ரரி இருக்கும், ஓபன்சிவி வேர்ல்டு 480ன்னு ஒன்னு, கடைசில டி போட்டு 480டின்னு ஒன்னு. டி இருக்குறது டீபக்குக்கு. டீபக் பில்டுல டி இல்லாதத கோத்துட்டா லிங்க்கர் வாயே தெறக்காது, ஏன்னா அது டிஎல்எல்லுக்கான இம்போர்ட் லைப்ரரி, வெறும் அட்ரஸ் சீட்டு மாதிரி ஃபைல், மேல சொன்ன ஃபெயில் இஃப் மிஸ்மேட்ச் வரி அதுல இருக்காது, அதனால செக்கிங் கெடையாது. பில்ட் சக்சஸ்னு பச்சையா காட்டும். ஓட்டுனா இம்ரீட் (படத்தை தெறக்குற ஓபன்சிவி ஃபங்ஷன்) வேலை செய்யாது, படத்தை காணோம்னு சொல்லும், அந்த மெசேஜ்ல ஃபைல் பேரு இருக்குற எடத்துல பார்த்தா கன்னாபின்னான்னு குப்பை எழுத்து. நாம பாத் தப்பு, ஸ்லாஷ் தப்பு, டிரைவ் தப்புன்னு அங்கயே சுத்திட்டு இருப்போம்.

ஏன் குப்பைன்னா, எம்எஸ்விசில (விஷுவல் ஸ்டுடியோவோட கம்பைலர்) 64 பிட் ரிலீஸ்ல ஒரு எஸ்டிடி ஸ்ட்ரிங் (எழுத்து வெக்குற டப்பா) 32 பைட், டீபக்ல அதே ஸ்ட்ரிங் 40 பைட். டீபக்ல இட்டரேட்டர் சரியா இருக்கான்னு பாக்குறதுக்காக முன்னாடி ஒரு 8 பைட் பாயிண்டரை சொருகி வெச்சிருப்பான். நம்ம எக்ஸ்இ டீபக், அது 40 பைட் ஸ்ட்ரிங்கை அனுப்புது, ஓபன்சிவி டிஎல்எல் ரிலீஸ், அது மொத பைட்லேர்ந்தே எழுத்து ஆரம்பிக்குதுன்னு நெனச்சு அந்த பாயிண்டரை எழுத்தா படிக்குது. அதான் குப்பை. வெக்டருக்கும் இதே கதி, ரிலீஸ்ல 24 பைட், டீபக்ல 32. இது ஓபன்சிவியோட தப்பு இல்ல, எம்எஸ்விசியோட தப்பும் இல்ல, ரெண்டு விதமா பில்ட் ஆனத ஒன்னா கோத்த கையோட தப்பு.

ஹெட்டர் ஒரு வெர்ஷன், லைப்ரரி ஒரு வெர்ஷன்னு இருக்குறதும் இதே வகைதான். அதுக்கு ரெண்டே வரில ஒரு டெஸ்ட் இருக்கு. சிவி வெர்ஷன்னு ஒரு மேக்ரோ, அது ஹெட்டர்லேர்ந்து வரும். கெட் வெர்ஷன் ஸ்ட்ரிங்னு ஒரு ஃபங்ஷன், அது டிஎல்எல் உள்ளேர்ந்து பதில் சொல்லும். ரெண்டையும் அடுத்தடுத்து ப்ரிண்ட் பண்ணி பாருங்க, வேற வேற நம்பர் வந்தா அங்கயே ப்ராஜெக்டை மூடிட்டு ஃபோல்டரை பாக்க போங்க.

மிங்டபிள்யூ (விண்டோஸ்ல ஓடுற ஜிசிசி கம்பைலர்) வெச்சு பில்ட் பண்றவங்களுக்கு தனியா ஒரு வரி. ஓபன்சிவி 4க்கு அவங்க தர்ற விண்டோஸ் ரெடிமேட் பேக்கேஜ் எம்எஸ்விசிக்கு மட்டும்தான், அத எடுத்து ஜிசிசிக்கு குடுத்தா அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் பக்கம் பக்கமா வரும். சிம்பல் பேரை பார்த்தாலே தெரிஞ்சிடும், கேள்விக்குறியில ஆரம்பிச்சா எம்எஸ்விசி, அண்டர்ஸ்கோர் இஸட்ல ஆரம்பிச்சா ஜிசிசி. அதுல எவ்வளவு பாத் மாத்துனாலும் ஒட்டாது, விட்டுடுங்க.

சரி, விசிபிகேஜிக்கு வருவோம்.

இதோட அடிப்படை ரொம்ப சிம்பிள். யாரோ பில்ட் பண்ணத எறக்காது. சோர்ஸை எறக்கி, உங்க மெஷின்ல, உங்க கம்பைலர்லயே பில்ட் பண்ணும். ஓபன்சிவி கேட்டா அதுக்கு தேவையான ஜேபெக், பிஎன்ஜி, இஸட்லிப் எல்லாத்தையும் அதே கம்பைலர்ல அதே செட்டிங்ல மொதல்ல பில்ட் பண்ணி, அதுமேல ஓபன்சிவிய ஏத்தும். டெசராக்ட்டுக்கு லெப்டோனிகா வேணும், அதுவும் அப்படியே. ஒவ்வொன்னையும் டீபக் ரிலீஸ் ரெண்டாவும் பில்ட் பண்ணி தனித்தனி ஃபோல்டர்ல வெச்சிடும். விஷுவல் ஸ்டுடியோல டீபக் குடுத்தா டீபக் லைப்ரரி, ரிலீஸ் குடுத்தா ரிலீஸ், அதுவே எடுத்துக்கும், டிஎல்எல்லையும் எக்ஸ்இ பக்கத்துல காப்பி பண்ணிடும். மேல நான் புலம்புனதுல பெரும்பாலான எரர் வர்றதுக்கு வழியே இல்லாம போயிடுது.

என்ன மாதிரி பில்ட் வேணுங்கறதுக்கு ட்ரிப்லெட்னு பேரு வெச்சிருக்காங்க. எக்ஸ்64 விண்டோஸ்னா 64 பிட், டிஎல்எல், எம்டி ரன்டைம். எக்ஸ்64 விண்டோஸ் ஸ்டாட்டிக்னா எல்லாம் எக்ஸ்இ உள்ளயே போயிடும், ஆனா ரன்டைம் எம்டில இருந்து ஸ்டாட்டிக் ரன்டைமுக்கு மாறிடும், அப்ப உங்க ப்ராஜெக்ட் செட்டிங்கையும் மாத்தணும், மாத்தலன்னா அதே எல்என்கே 2038 திரும்பி வந்து நிக்கும். லைப்ரரி ஸ்டாட்டிக் வேணும் ஆனா ரன்டைம் டிஎல்எல்லா இருக்கட்டும்னா ஸ்டாட்டிக் எம்டின்னு மூணாவதா ஒன்னு இருக்கு. எடைமேடை மாதிரி ஒரே ஒரு எக்ஸ்இய பென் டிரைவ்ல கொண்டு போயி வெக்குற வேலைக்கு எனக்கு ஸ்டாட்டிக்தான் புடிச்சிருக்கு. எல்ஜிபிஎல் லைசென்ஸ் லைப்ரரி உள்ள இருந்தா ஸ்டாட்டிக் பண்றதுக்கு முன்னாடி அந்த லைசென்ஸை படிச்சிக்கோங்க.

ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல விசிபிகேஜி ஜேசன்னு ஒரு ஃபைல் போட்டு அதுல என்னென்ன லைப்ரரி வேணும்னு எழுதி, பில்ட்இன் பேஸ்லைன்னு ஒரு கமிட் நம்பரை குடுத்துட்டீங்கன்னா, அடுத்த வருஷம் வேற ஒரு பையன் வேற லேப்டாப்ல தெறந்தாலும் அதே வெர்ஷன்தான் வரும். எனக்கு இந்த ஒரு ஃபைலுக்காகவே இத புடிச்சு போச்சு. லைப்ரரி ஃபோல்டர்னு ஒரு மூட்டைய ஜிப் பண்ணி கைமாத்தி விட்டுட்டு, அதுல எது எங்கருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாம ஆயிடுற பொழப்பு இதுல கெடையாது.

சிமேக் (பில்ட் ஃபைல் தயார் பண்ற கருவி) யூஸ் பண்றவங்க விசிபிகேஜியோட டூல்செயின் ஃபைல் பாத்தை குடுக்கணும். அதுல ஒரு எடம் எல்லாரையும் கவுக்கும், ஏற்கனவே ஒரு தடவை கான்ஃபிகர் ஆன பில்ட் ஃபோல்டர்ல போயி டூல்செயினை குடுத்தா சிமேக் அத கண்டுக்காது, பழைய கேஷ்ல இருக்குற பழைய ஓபன்சிவி பாத்தையே புடிச்சிக்கிட்டு தொங்கும். பில்ட் ஃபோல்டரை முழுசா அழிச்சிட்டு மொதல்லேர்ந்து கான்ஃபிகர் பண்ணுங்க. அதோட சிஸ்டம் பாத்ல பழைய ஓபன்சிவி பின் ஃபோல்டர் இருந்தா அதையும் எடுத்துடுங்க, இல்லாட்டி விசிபிகேஜி போட்டும் அதே எரர் வருதுன்னு அதை திட்டுவீங்க.

இப்ப அந்த ஒரு மார்க் எங்க போச்சுன்னு சொல்றேன். நேரம். நேரம்தான்.

சோர்ஸ்லேர்ந்து பில்ட் பண்றதுன்னா சும்மாவா. சாதாரண ஐ5, 8 ஜிபி ரேம் லேப்டாப்ல ஓபன்சிவி, டெசராக்ட், பூஸ்ட் மூணையும் ஒன்னா குடுத்தா ஃபேன் கத்துற கத்துல வீட்டுல அம்மா எட்டி பார்த்து "என்னடா அது, மிக்ஸி ஓடுதா"ன்னு கேக்குற அளவுக்கு போகும். காலைல குடுத்துட்டு வேற வேலைய பாக்க வேண்டியதுதான். அதுலயும் ஐப்பசி கார்த்திகைல நம்ம பக்கம் கரண்ட்டை நம்பி எதையும் ஆரம்பிக்க முடியாது, நாலு தூறல் போட்டா ட்ரான்ஸ்ஃபார்மர் படுத்துடும். ஆனா இந்த விஷயத்துல விசிபிகேஜிய பாராட்டணும், ஒவ்வொரு லைப்ரரி முடிஞ்ச ஒடனே அத பைனரி கேஷ்ல, லோக்கல் ஆப் டேட்டா உள்ள ஆர்க்கைவ்ஸ்னு ஒரு எடத்துல ஜிப்பா போட்டு வெச்சிடுது. நடுவுல கரண்ட் போயி மெஷின் ஆஃப் ஆனாலும் திரும்ப போடும்போது முடிஞ்சதெல்லாம் கேஷ்லேர்ந்து வந்துடும், பாதில நின்ன ஒன்னு மட்டும்தான் மறுபடி. பேட்டரி செத்துப்போன லேப்டாப்ல வேலை பாக்குறவங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

அந்த கேஷ் எத வெச்சு பழசு புதுசுன்னு முடிவு பண்ணுதுங்கறதுதான் இதோட புத்திசாலித்தனம், அதுவேதான் எரிச்சலும். கம்பைலர் என்ன, ட்ரிப்லெட் என்ன, அந்த லைப்ரரியோட பில்ட் ஸ்க்ரிப்ட் என்ன, அதுக்கு கீழ இருக்குற லைப்ரரி என்ன, எல்லாத்தையும் சேர்த்து ஒரு ஹேஷ் (கைரேகை மாதிரி ஒரு நம்பர்) போடுது. எதுல ஒன்னு மாறுனாலும் அது வேற பைனரி, மறுபடி பில்ட். அதனாலதான் கலப்படம் உள்ள வர முடியல. ஆனா விஷுவல் ஸ்டுடியோ அப்டேட் போட்டு கம்பைலர் கொஞ்சம் மாறுனாலும் எல்லாம் மொதல்லேர்ந்து. அறுப்பு சீசன்ல ஒரு அவசர பக் சரிபண்ண உக்காரும்போது, அன்னைக்கு பார்த்து அப்டேட் போட்டு தொலைச்சிருந்தா, அவ்வளவுதான் சோலி முடிஞ்சுது. வேலை நடுவுல இருக்கும்போது விஷுவல் ஸ்டுடியோ அப்டேட் பொத்தான் பக்கம் கை வெக்காதீங்க.

நேரத்த கொறைக்க ரெண்டு வழி இருக்கு. ஓபன்சிவில டீஃபால்ட் ஃபீச்சர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு வேணுங்கறத மட்டும் பேர் சொல்லி கேளுங்க. டீப் லேர்னிங் பக்கமே போகாத ஆளுக்கு டிஎன்என் எதுக்கு, அத கழட்டுனாலே அதுக்காக வர்ற ப்ரோட்டோபஃப் கழண்டுடும். பூஸ்ட்டையும் மொத்தமா கேக்காதீங்க, அதுல ஒவ்வொரு லைப்ரரியும் தனி பேக்கேஜா பிரிச்சு வெச்சிருக்காங்க, பூஸ்ட் ஆசியோன்னு மட்டும் கேட்டா போதும், அது கூட்டிட்டு வர்ற கூட்டமே கொஞ்சம் பெருசுதான், அது வேற விஷயம். ரெண்டாவது வழி, டீபக் பில்டே வேணாம்னா ட்ரிப்லெட் ஃபைல்ல பில்ட் டைப் ரிலீஸ்னு ஒரு வரி போடலாம், கிட்டத்தட்ட பாதி நேரம் மிச்சம். விண்டோஸ்ல இத நான் சொல்லமாட்டேன், ஏன்னா நாளைக்கு டீபக் பண்ணணும்னு தோணும்போது ரிலீஸ் லைப்ரரிய கோப்பீங்க, அப்பறம் மேல சொன்ன குப்பை எழுத்து கதைதான்.

டிஸ்க் எடமும் ஜிபி கணக்குல சாப்பிடும். பில்ட்ட்ரீஸ், பேக்கேஜஸ், டவுன்லோட்ஸ்னு மூணு ஃபோல்டர் வீங்கிக்கிட்டே போகும். பில்ட் முடிஞ்சதும் மொத ரெண்டையும் அழிக்கலாம், ஒன்னும் ஆகாது. 256 ஜிபி எஸ்எஸ்டி வெச்சிருக்கவங்க மொதல்லயே கவனிச்சிக்கோங்க. அதோட சி டிரைவ்ல நேரா ஒரு சின்ன பேர்ல ஃபோல்டர் போட்டு அங்க வெச்சிடுங்க, டெஸ்க்டாப்ல நியூ ஃபோல்டர் உள்ள நியூ ஃபோல்டர்னு பாத் நீளமா, நடுவுல ஸ்பேஸோட இருந்தா சில லைப்ரரி பில்ட் ஆகாம அடம் புடிக்கும்.

பில்ட் ஃபெயில் ஆச்சுன்னா ஸ்க்ரீன்ல வர்ற கடைசி வரிய பார்த்து பயப்படாதீங்க, அதுல ஒன்னும் இருக்காது. பில்ட்ட்ரீஸ் உள்ள அந்த லைப்ரரி பேர்ல இருக்குற ஃபோல்டர்ல லாக் ஃபைல் கெடக்கும், அத தெறந்து மேலேர்ந்து மொத எரரை தேடுங்க. பாதி நேரம் அது கோடு பிரச்சனையாவே இருக்காது, ஏதோ ஒரு சோர்ஸ் டவுன்லோட் ஆகாம நடுவுல அறுந்திருக்கும், நம்ம ஊரு நெட்டு.

ரெண்டு விஷுவல் ஸ்டுடியோ வெச்சிருக்கவங்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கு. 2019, 2022 ரெண்டும் இருந்தா நாம ஒன்னும் சொல்லாத வரைக்கும் விசிபிகேஜி புதுசத்தான் எடுத்துக்கும். உங்க ப்ராஜெக்ட் 2019 டூல்செட்ல (கம்பைலர், லிங்க்கர் சேர்ந்த செட்) இருந்தா அன்ரிசால்வ்டு எக்ஸ்டர்னல்னு எல்என்கே 2019 வரும் (எரர் நம்பரும் வருஷமும் ஒன்னா இருக்குறது தற்செயல்), சிம்பல் பேரு அண்டர்ஸ்கோர் ரெண்டு போட்டு எஸ்டிடி ஃபைண்டு ட்ரிவியல்னு, நீங்க எழுதாத எதையோ கேக்கும். இப்படி எஸ்டிடின்னு ஆரம்பிக்குற பேரை காணோம்னா, லைப்ரரி புது கம்பைலர்ல பில்ட் ஆயிருக்கு, நீங்க பழசுல லிங்க் பண்றீங்கன்னு அர்த்தம். 2015லேர்ந்து 2022 வரைக்கும் எல்லாம் ஒத்துப்போகும்னு மைக்ரோசாஃப்ட்டே சொல்லுதேன்னு கேப்பீங்க, சொல்லுது, ஆனா கூடவே ஒரு கண்டிஷன், லிங்க் பண்ற லிங்க்கர் இருக்குறதுலயே புதுசா இருக்கணும். பழைய லைப்ரரி புது லிங்க்கர்ல போகும், புது லைப்ரரி பழைய லிங்க்கர்ல போகாது. ஹோல் ப்ரோக்ராம் ஆப்டிமைசேஷன் போட்டு பில்ட் ஆனதுக்கு இந்த சலுகையும் கெடையாது. ட்ரிப்லெட்ல ப்ளாட்ஃபார்ம் டூல்செட்னு ஒரு வரி எழுதி வி142ன்னு கட்டி போட்டுட்டா தீர்ந்துச்சு, இல்ல ப்ராஜெக்டையே 2022க்கு தூக்கிடலாம், நான் அதத்தான் பண்ணேன்.

விசிபிகேஜி கை விரிக்குற எடமும் ஒன்னு இருக்கு, அது சோர்ஸ் தராத எஸ்டிகே (கம்பெனிக்காரன் தர்ற லைப்ரரி மூட்டை). ரெண்டாவது கேமராவுக்கு அந்த கம்பெனிக்காரன் குடுத்தது ஒரு டிஎல்எல், ஒரு லிப் ஃபைல், ரெண்டு ஹெட்டர், அவ்வளவுதான். அவன் எந்த கம்பைலர்ல எந்த வருஷம் பில்ட் பண்ணானோ. சப்போர்ட்டுக்கு மெயில் போட்டா "ப்ளீஸ் ரீ இன்ஸ்டால் தி டிரைவர்"னு பதில் வருது. இதுக்கு விசிபிகேஜி ஒன்னும் பண்ண முடியாது, அது மேல குத்தமும் இல்ல. எஸ்டிகேல ரெண்டு வாசல் இருந்துச்சு, ஒன்னு சி ப்ளஸ் ப்ளஸ் க்ளாஸ், இன்னொன்னு வெறும் சி ஃபங்ஷன். க்ளாஸ் வாசல்ல ஸ்ட்ரிங்கும் வெக்டரும் இந்த பக்கம் அந்த பக்கம் போகுது, அங்க மேல சொன்ன 32 பைட் 40 பைட் சண்டை வரும். சி வாசல்ல இன்ட், பாயிண்டர், பஃபர் நீளம் மட்டும்தான், எந்த கம்பைலரா இருந்தாலும் ஒத்துக்கும். ரெண்டு வாசல் இருந்தா கண்ண மூடிக்கிட்டு சி பக்கம் போங்க, கோடு கொஞ்சம் அசிங்கமா இருந்தாலும் பரவால்ல.

மில்லுல கொண்டு போயி வெக்குற கதைக்கும் ஒரு பத்தி. அங்க இருக்குற கம்ப்யூட்டர் விண்டோஸ் 10, மேல உமித்தூசி ஒரு இஞ்சுக்கு. பழைய ஆளு ஒரு தடவை டீபக் எக்ஸ்இய கொண்டு வந்து வெச்சு எம்எஸ்விசிபி140டி டிஎல்எல் காணோம்னு நின்னுருக்கு, எடை போடுற அண்ணன் இன்னமும் அத சொல்லி சிரிக்கிறாரு, "அந்த டி வந்துச்சுன்னா அன்னைக்கு எனக்கு டீ குடிக்க போற வேலைதான் தம்பி"ன்னு. டீபக் ரன்டைமை வேற மெஷினுக்கு கொண்டு போறதுக்கு மைக்ரோசாஃப்ட் லைசென்ஸ்ல எடம் இல்ல, நெட்லேர்ந்து அந்த டிஎல்எல்லை மட்டும் தனியா எறக்கி போடுற வேலையும் வேணாம், ரிலீஸ் பில்டைத்தான் குடுக்கணும். டிஎல்எல் ட்ரிப்லெட்னா மில் மெஷின்ல விசி ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் (ரன்டைம் டிஎல்எல்லை போட்டு குடுக்குற இன்ஸ்டாலர்) போட்டாகணும், அதுவும் நீங்க பில்ட் பண்ண டூல்செட்டுக்கு பழசா இருக்கக்கூடாது. ஸ்டாட்டிக் ட்ரிப்லெட்னா அந்த தொல்லையும் இல்ல, எக்ஸ்இயும் கேமரா டிஎல்எல்லும் காப்பி பண்ணா ஓடுது.

வேற என்ன இருக்குன்னு கேப்பீங்க. கோனான்னு ஒன்னு இருக்கு, அது ரெடிமேட் பைனரிய தரும், ஆனா ஓஎஸ், கம்பைலர், வெர்ஷன், டீபக்கா ரிலீஸான்னு எல்லாத்தையும் வெச்சு ஒரு ஐடி போட்டு, பொருந்துறத மட்டும்தான் தரும், பொருந்தலன்னா பில்ட் மிஸ்ஸிங்னு குடுத்தா சோர்ஸ்லேர்ந்து பில்ட் பண்ணும். பில்ட் நேரம் உங்களுக்கு பெரிய பிரச்சனைன்னா அத பாருங்க, கத்துக்கத்தான் கொஞ்சம் நாள் ஆகும். மிங்டபிள்யூ ஆளுங்களுக்கு எம்எஸ்ஒய்எஸ்2 தாராளம், அதுல ஒரு என்விரான்மென்ட் உள்ள இருக்குறது எல்லாம் அவங்களே ஒரே கம்பைலர்ல பில்ட் பண்ணது, அதோட எம்எஸ்விசி லைப்ரரிய மட்டும் கலக்காதீங்க. லினக்ஸ்ல இருக்கவங்களுக்கு இந்த வியாதி வேற உருவத்துல வரும், அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்ல சிஎக்ஸ்எக்ஸ்11னு ஒரு வார்த்தை தெரிஞ்சா 2015ல ஜிசிசி 5 வந்தப்ப ஸ்ட்ரிங்கோட அமைப்பை மாத்துனாங்க, அந்த பழசும் புதுசும் கலந்துருக்குன்னு அர்த்தம். பைத்தான் ஆளுங்களும் தப்பிக்கல, 2024 ஜூன்ல நம்பை (பைத்தான் கணக்கு லைப்ரரி) 2.0 வந்தப்ப 1.எக்ஸ்க்கு பில்ட் ஆன மாட்யூல் எல்லாம் வரிசையா படுத்துச்சே, அதுவும் இதே குடும்பம்தான்.

காலேஜ் ப்ராஜெக்டுக்கு ஒரே ஒரு ஓபன்சிவி மட்டும் போதும்னா விசிபிகேஜி வேணாம், அதிகாரப்பூர்வ பேக்கேஜை எறக்கி டீபக்குக்கு டி, ரிலீஸுக்கு டி இல்லாததுன்னு சரியா கோத்தா வேலை முடிஞ்சுது. ரெண்டு மூணு லைப்ரரி ஒன்னா சேருற எடத்துல, ஒரு வருஷத்துக்கு மேல வெச்சு பாக்க வேண்டிய சாஃப்ட்வேர்ல, யோசிக்காம இதுக்கு போங்க. ஆரம்பிக்குற அன்னைக்கு நல்ல நெட்டு, ஒரு யுபிஎஸ், சி டிரைவ்ல தாராளமா எடம், மூணும் இருக்கான்னு பார்த்துட்டு ஆரம்பிங்க. யாராவது ஓபன்சிவில எஃப்எஃப்எம்பெக்கோட (வீடியோ லைப்ரரி) ஸ்டாட்டிக் ட்ரிப்லெட்ல ஆர்டிஎஸ்பி (நெட்வொர்க் வழியா வீடியோ அனுப்புற) கேமரா ஓட்டிருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, குறுவைக்குள்ள மில்லுல மூணாவது கேமரா போடணுமாம்.